ஐம்பத்தொரு சதவீதம்

“இனிமே கேன்சர் வைத்தியத்துல ‘போட்டுத்தான் பாக்கணும்’ங்கிற பேச்சுக்கே எடமில்ல,” என்று அறிவித்தார் டாக்டர் பாண்டீஸ்வரன். அருப்புக்கோட்டையில் சனிக்கிழமைதோறும் அவர் உட்காரும் அறையில், சுவரில் தொங்கிய ஈரல் படம்கூட நிமிர்ந்து கேட்டது.

எதிரே நரிக்குடி தங்கச்செல்வி. அவள் கணவர் வெள்ளத்துரைக்குக் கணையத்தில் கட்டி. மருந்து இரண்டு, அந்த உடம்பு தாங்குவதோ ஒன்றைத்தான். தப்பானது முதலில் ஏறிவிட்டால், சரியானதை ஏற்ற ஆள் இருக்கமாட்டார்.

“கட்டியில துளி கிள்ளி எடுத்து, லேப்ல வளத்து, ரெண்டு மருந்தையும் ஊத்திப் பாத்தாச்சும்மா. எது கேக்கும்னு கம்ப்யூட்டர் சொல்லிருச்சு.”

“வெதைய ஈரச்சாக்குல போட்டு மொளைப்புப் பாக்குற மாதிரியா?”

“அதுக்கும் மேல,” என்று எழுந்தவர் பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு. பெரிய படிப்புப் படித்தவருக்குச் சாப்பிட நேரமில்லை போல என்று தங்கச்செல்வி இரக்கப்பட்டாள்.

“என்ன சொல்லுச்சுங்கய்யா?”

“மொத மருந்து அம்பத்தோரு சதவீதம். ரெண்டாவது நாப்பத்தொம்பது.”

“எலெக்சன்ல இப்பிடி வந்தா மறுக்கா எண்ணச் சொல்லுவாகளே!”

டாக்டர் சிரிக்கவில்லை. விஞ்ஞானத்தில் மறு எண்ணிக்கை கிடையாது என்றார்.

“கோவிச்சுக்கிறாதீக. திங்கக்கெழம காளி கோயில்ல பூக்கட்டிப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடுறேன். செவப்பு வந்தா மொத மருந்து, வெள்ளை வந்தா ரெண்டாவது.”

“அரளிப்பூவுக்குக் கணையம் எங்க இருக்குன்னு தெரியுமா?” இப்போது டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். “எந்தக் கோயிலு? டோக்கன் உண்டா? ஓ.பி. எத்தன மணிக்கு?”

“திருச்சுழி ரோட்டுல, கம்மாய்க்கரையில இருக்கு. காலைல ஆறு மணிக்கே தொறந்துருவாக. டோக்கன் கெடையாது,” என்று அவள் பொறுப்பாகப் பதில் சொன்னாள்.

திங்கட்கிழமை. சன்னதியில் அவளுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். பூசாரி அவள் பூ வைத்துக் கட்டிய இரண்டு இலைப் பொட்டலங்களையும் தட்டில் வைத்துக் குலுக்கினார்.

“வேண்டுனவுக கை எடுக்கக் கூடாது தாயி. வேத்தாள் கைதான் எடுக்கணும்,” என்று சொல்லித் தட்டைத் துண்டுக்காரரிடம் நீட்டினார்.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தாள். சிவப்பு! கம்ப்யூட்டரும் காளியும் ஒத்துப்போய்விட்டதில் அவளுக்கு மூன்று வாரத்துக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

நன்றி சொல்ல நிமிர்ந்தாள். துண்டுக்குள் டாக்டர் பாண்டீஸ்வரன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க வீட்டுக்காரருக்காகவா டாக்டர் இம்புட்டுத் தூரம் வந்தீக?”

அவர் நழுவிய பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பூசாரியிடமிருந்து இன்னொரு தட்டை வாங்கி அவள் முன் நீட்டினார். அதிலும் இரண்டு பொட்டலங்கள்.

“இது எனக்கும்மா. நீங்க எடுங்க.”