டில்லியில் கொடுத்த பட்டம்

"சரியா ஞாபகம் கீதான்னு தெரிலடி நதியா. 'மன்னோபரன்'னுதான கூப்ட்டாங்க?" என்றாள் மங்கம்மா, பேரனை மடியில் போட்டுக்கொண்டு.

டில்லியில் பதக்கம் கொடுத்தபோது, மைக்கில் செந்தமிழன் பெயருக்குப் பின்னால் ஓர் இந்தி வார்த்தையைச் சேர்த்துச் சொன்னார்கள். அது ராணுவம் தன் மகனுக்குக் கொடுத்த பட்டம் என்று மங்கம்மா சாலவாக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு இவனுக்கு அதையே பேரா வெச்சுடலாம்."

"வேற பேர் பார்க்கலாமே அத்தே."

"ஏன்டி, உன் புருஷன் வாங்கன பட்டம் உனக்குக் கசக்குதா? ராஜா பேராட்டம் கீது!"

டில்லி விழாவில் பக்கத்தில் நின்ற அதிகாரி அன்றே நதியாவுக்கு அர்த்தம் சொல்லியிருந்தார். அந்த வார்த்தை 'மரணோபராந்த்'. இறந்த பிறகு தரப்படுவது என்று பொருள்.

"டேய் மன்னோபரா!" என்று மங்கம்மா குனிந்து கூப்பிட்டாள். குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். எல்லையிலிருந்து பெட்டி வந்த நாளுக்குப் பிறகு மாமியார் சிரித்து நதியா பார்த்ததே இல்லை.

"அதையே வெச்சுடலாம் அத்தே."

மன்னோபரன் இப்போது உத்திரமேரூரில் ஒன்றாவது படிக்கிறான். தினமும் மங்கம்மாதான் பஸ் ஏற்றிவிடுகிறாள். நதியா அந்த அர்த்தத்தை யாரிடமும் சொல்லவில்லை.