நாற்பதாவது வரி

இந்த ஜென்மத்தில் இது என் மண்டையில் ஏறாது என்று அவள் நினைத்துக்கொண்டாள். மூன்றாவது நாளாக நாற்பதாவது வரியிலேயே நிற்கிறாள்.

ஒன்பது வருடம் வீட்டையும் பிள்ளைகளையும் கட்டிக்கொண்டு மாரடித்துவிட்டு, வேலைக்கு வந்து நாலு வாரம்தான் ஆகிறது. நரம்பு வழியாக மருந்து ஏற்றும் பம்புகளைச் செய்து மருத்துவமனைகளுக்கு அனுப்பும் கம்பெனி. பம்பின் சிப்புக்கு ஒவ்வொரு அடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி நிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு.

பத்து வருட அனுபவக்காரர்கள் இரண்டு பேர் பக்கத்து மேசைகளில் இருந்தும், பிரிவுத் தலைவர் அவளிடம்தான் ஃபைலைக் கொடுத்தார். "உனக்குத்தாம்மா பொறுமை இருக்கு" என்று அவர் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தாளில் ஏ, பி, சி, டி என்று நாலு கட்டம் போட்டிருந்தாள். ஒரு கட்டம் ஒரு ரெஜிஸ்டர், சிப் கணக்குப் போடும்போது ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும் இடம். ஒவ்வொரு வரிக்கும் கட்டத்திலிருக்கும் எண்ணை அழித்து மாற்றி எழுத வேண்டும். அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிவிட்டது.

"இன்னும் முடியலையாம்மா?" தலைவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தலை சுத்துது சார்."

"முதல் மாசம் எல்லாருக்கும் அப்படித்தான். நான் பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன், தெரியுமா? கையெழுத்தப் போட்டுடு, மெதுவா கத்துக்கலாம். சாயங்காலம் லோடு கிளம்பணும். உன்னை நிரந்தரம் பண்ற கடிதமும் ரெடியா இருக்கு."

அந்தக் கடிதம் அவளுக்கு வேண்டும். மறுபடி போய் அந்த நாலு சுவருக்குள் உட்காரத் தெம்பில்லை.

"ஒரே ஒரு சந்தேகம் சார். முப்பத்தொன்பதாவது வரியில, குழாய்க்குள்ள எவ்வளவு காத்து இருக்குங்கிற அளவு ஏ ரெஜிஸ்டருக்கு வருது. நாற்பதாவது வரி அதே ஏ-ல பூஜ்யத்தப் போடுது. அப்ப பழைய எண் எங்க போகும்?"

"போயிடும். ஒரு ரெஜிஸ்டர்ல ஒரு எண்தான் நிக்கும்."

"அடுத்த வரியிலதானே காத்து அதிகமான்னு பாக்குது? எப்பப் பாத்தாலும் பூஜ்யம்தான் இருக்கும். அலாரம் அடிக்கவே அடிக்காது. படுத்திருக்கிறவங்க ரத்தத்துல காத்து போயிடுமே சார்! நான்தான் எங்கயோ தப்பு பண்றேன்னு மூணு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சென்சார் சரியில்லம்மா. காத்தே இல்லாதப்பவும் கத்துது. புதுசு வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும்தான் அந்த வரி. நீ போட்டுடு."

பேனாவின் மூடியைக் கழற்றி அவரே நீட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் இருவரும் திரையைவிட்டுத் தலை நிமிரவில்லை.

அவள் அவர்களை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஃபைலை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

"புரியாத ஆளா வேற யாரையாவது பாருங்க சார்."