ராசாவுக்கு ஒரு வாய்

"இன்னும் ஒரே ஒரு வாய், ராசா. எங்கே, வாயைத் திற பார்ப்போம். என் கண்ணு இல்ல?"

இடுக்கியின் நுனியில் நெளிந்த மண்புழுவைத் தண்ணீருக்குள் நீட்டினாள் தங்கை. ராசா தலையை ஒரு வெட்டு வெட்டிக் கவ்விக்கொண்டது. பட்டினி கிடந்த பிள்ளைபோல் அதற்கு அப்படியோர் அவசரம்.

பார்ப்பவர்கள் பாசம் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அவள் அதைக் கொன்றுகொண்டிருந்தாள்.

ராசா என்பது அண்ணன் தொட்டியில் வளர்க்கும் ஆக்ஸலாட்டல் என்ற நீர்ப்பிராணி. மீன் என்று சொல்லலாமென்றால் நாலு கால் இருக்கிறது. பல்லி என்று சொல்லலாமென்றால் கழுத்தைச் சுற்றி இறகுபோலச் சிவப்புச் செவுள். கப்பல் வேலைக்குக் கிளம்பும் முன் அண்ணன் தன் மனைவியைத் தொட்டி முன்னால் நிறுத்திப் பாடமே நடத்தினான்.

"தண்ணி சில்லுன்னு இருக்கணும். வாரா வாரம் அடியில குழாய் வெச்சு அழுக்கை உறிஞ்சிடணும். எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணி, குளோரின் போக மருந்து கலந்து ஊத்தணும். முக்கியமா, மிச்சத் தீனி கிடந்து அழுகக் கூடாது. அழுகினா தண்ணியே விஷம். இதுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அண்ணி தலையாட்டினாள். கதவோரம் நின்ற தங்கைதான் அந்தக் கடைசி வார்த்தைகளைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

கணவனோடு ஒத்துவராமல் பெட்டியோடு பிறந்த வீடு வந்து சேர்ந்தவள் அவள். ஒருநாள் கூடம் நிறைய விருந்தாளிகள். தட்டில் தம்ளர்களை ஏந்தி வந்தவளைப் பார்த்து அண்ணி சிரித்துக்கொண்டே, "பார்த்துப் பிடிம்மா! புருஷனைத்தான் கை நழுவ விட்டே, தம்ளரையாவது விடாதே" என்றாள். கூடமே சிரித்தது. அண்ணனும் சேர்ந்து சிரித்தான்.

அதே கூடத்தில், அதே அண்ணன், அண்ணியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதைக் கண்ணாரப் பார்த்தால்தான் தங்கைக்குச் சோறு செரிக்கும்.

அண்ணி குளிக்கப் போகும் நேரமெல்லாம் அவளுக்கு வேலை நேரமாயிற்று. பூந்தொட்டி மண்ணைக் கிளறிப் புழு எடுப்பாள். அண்ணி போடும் தீனி போதாதென்று இவளும் போட்டால் மிச்சம் அழுகும், தண்ணீர் கெடும், ராசா மிதக்கும், பழி அண்ணி தலையில் விடியும்.

ஆனால் தண்ணீர் கெடுவேனா என்றது. அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியும் குழாயுமாக வாரம் தவறாமல் உட்கார்ந்துவிடுவாள். அக்கம்பக்கம் பார்க்கும்படி வாசல் கதவு விரியத் திறந்திருக்கும். அண்ணனுக்கு வீடியோவும் போகும்.

"என்ன அண்ணி, பெத்த பிள்ளையைக்கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டாங்க போலிருக்கே?"

"உங்கண்ணன் சொத்தாச்சே! நாளைக்கு என்மேல ஒரு சொல் வந்துடக் கூடாது பாரு."

தீனி டப்பா தீர்ந்துபோச்சு, வாங்கி வா என்று மட்டும் அண்ணி ஒருநாளும் சொன்னதில்லை. அதிலும் கஞ்சத்தனமா என்று தங்கை முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். புழுவை இன்னும் கூட்டினாள். ஒரு துணுக்குகூட அடியில் தங்கவில்லை. எல்லாம் அண்ணியின் குழாய் செய்யும் வேலை என்று பல்லைக் கடித்தாள்.

அண்ணன் வந்து இறங்கினான். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேராகத் தொட்டிக்குப் போனான்.

"அடேயப்பா! டேய் ராசா, என்னடா இப்படித் தளதளன்னு ஆயிட்டே? செவுளைப் பாரேன், புசுபுசுன்னு!" மனைவியின் தோளைத் தட்டினான். "உள்ளங்கையில வெச்சுத் தாங்கியிருக்கேடி! இனிமே இது உன் பொறுப்புதான். அடுத்த தடவை இதுக்கு ஒரு ஜோடியும் வாங்கிட்டு வரேன்."

அண்ணி வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனாள். வயிறு பற்றியெரிய, பின்னாலேயே போனாள் தங்கை.

"ஜெயிச்சுட்டீங்க அண்ணி. ஒரே போடா அண்ணனை முந்தானையில முடிஞ்சுட்டீங்க."

அண்ணி திரும்பினாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நீ வேற என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே! எங்கப்பா செத்தன்னைக்கு உங்கண்ணன் ஏன் வரலை தெரியுமா? இந்தச் சனியனுக்குச் செவுள்ல பூஞ்சையாம். தொட்டியை விட்டு நகர மாட்டேன்னுட்டாரு. மாமனார் முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க வரலை. இதைப் பறிகொடுத்துட்டு அவரும் ஒருநாள் உட்கார்ந்து அழணும்னு அன்னைக்கே நினைச்சேன்."

"அண்ணி…"

"ஊரு பார்க்கத்தான் தண்ணி மாத்தினேன், தொட்டி கழுவினேன். அது என்னடான்னா நாளுக்கு நாள் பெருத்துட்டே போகுது, கழியுது, என்னைப் பார்த்து வாயைப் பிளக்குது!" அண்ணி வாளியை நங்கென்று வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு கிளம்பின நாள்லேருந்து ஒரு புழுகூடப் போடலைடி நான், அது எப்படிடி சாகாம இருக்கு?"