முதல் உதை

ராயபுரத்தில் மாதா திருவிழாக் கால்பந்துப் போட்டியில் முதல் பந்தை உதைக்கக் கூப்பிடுவது பெரிய மரியாதை. இந்த வருடமும் மைக்கில் லியோனார்ட் பெயர்தான் கேட்டது. மைதான ஓரத்தில் நின்றிருந்த டெரிக்கின் முகம் கறுத்தது.

"இதுக்குன்னே லீவு போட்டு வந்தேன்கா. அவனும் நானும் ஒரே டீம்ல ஆடினவங்கதானே? மேனேஜர் ஆயிட்டான்னு ஊரே அவனைத் தூக்கி வெச்சிகினு ஆடுது!"

அக்கா அடைக்கலமேரி சிரித்தாள். "வயித்தெரிச்சல்டா உனக்கு."

"ஆமா, எரியுது. எந்த பேனரைப் பார்த்தாலும் அவன் மூஞ்சிதான் கீது!"

அப்போது, துறைமுகத்துக் கப்பலிலிருந்து ஆட்டம் பார்க்க வந்திருந்த வெளிநாட்டு மாலுமிகள், "டெரிக்! டெரிக்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். ஐரோப்பாவின் பெரிய கோப்பையை வென்ற அணியின் மேனேஜரான அவனோடு செல்ஃபி எடுக்க ஒருவரையொருவர் தள்ளினார்கள்.

டெரிக் நெஞ்சை நிமிர்த்தி, விழாக் கமிட்டித் தலைவர் சேவியரைப் பார்த்தான். "பாத்தியா நைனா? உலகத்துக்கே என்னைத் தெரியுது. உங்களுக்குத்தான் தெரியலை."

"தெரியாம இன்னா? ஐரோப்பாவுல கப்பு வாங்கினே, சந்தோஷம்." சேவியர் அவன் தோளைத் தட்டினார். "லியோனார்ட் நம்ம டீமுக்கு மேனேஜரா நின்னு, நம்ம பசங்களை வெச்சி பக்கத்து எர்ணாவூர் டீமையே ஜெயிச்சிட்டான்பா. நீ ஆடின காலத்துல எர்ணாவூரை ஒரு தபாவாவது ஜெயிச்சியா?"