அசலைத் தொட்ட நட்சத்திரம்

காலை ஏழு மணியிலிருந்து பாய்லரின் பிரஷர் ஒன்பதரை கிலோ என்றே காட்டிக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர் திரை.

பதினொன்றரை மணிக்கு ஹில்டா திரையருகே போய் உற்றுப் பார்த்தாள். நீராவி ஒருநாளும் இப்படி அசையாமல் நின்றதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ரப்பர் கம்பெனிக்கு சி என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதியவள் அவள்தான். பாய்லருக்குச் சட்டப்படி அனுமதி பத்து கிலோ. பன்னிரண்டைத் தொட்டால் சங்கு ஊதும், பர்னர் தானாக அணையும்.

பத்தைத் தாண்டினாலும் திரையில் ஒன்பதரை என்று காட்ட ஒரு ஃபங்ஷன், அதாவது புரோகிராமுக்குள் ஒரு குட்டிப் பகுதி, வேண்டும் என்றார் முதலாளி சண்முகசுந்தரம். சோதனைக்கு வரும் பாய்லர் ஆய்வாளருக்காக.

எழுதிக் கொடுத்தாள். ஃபங்ஷனுக்குப் போனது பிரஷரின் நகல் மட்டும். நகலை என்ன செய்தாலும் அசல் அப்படியே இருக்கும். சங்கு பார்ப்பது அசலை.

இப்போது புரோகிராமைத் திறந்தாள்.

பிரஷரின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. அழைக்கும் வரியில் ஓர் & குறி.

இந்த இரண்டு குறிகளும் இருந்தால் ஃபங்ஷனுக்குப் போவது நகல் இல்லை. அசல் இருக்கும் முகவரி. ஃபங்ஷன் அங்கேயே போய் அசலை அழித்து ஒன்பதரை என்று எழுதிவிடும்.

சங்குக்கும் ஒன்பதரை. பர்னருக்கும் ஒன்பதரை.

பின்கட்டு ஷெட்டுக்கு ஓடினாள். பாய்லர் ஆபரேட்டர் எத்திராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வந்த கையோடு முள் மீட்டரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். உள்ளே எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

"இன்னா மேடம் இப்டி ஓடியாறீங்க? ஒம்போதரைதான கீது?"

"பொய்ண்ணே! பர்னரை அணைங்க!"

அவள் முகத்தைப் பார்த்தவர் வேறெதுவும் கேட்கவில்லை. பர்னரை அணைத்தார். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நீராவியை வெளியே விடும் வால்வைத் திருகித் திறந்தார்.

கூரைத் தகடுகள் அதிர்ந்தன. பேக்கிங் பெண்கள் அலறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். கால் மணி நேரம் அந்த இரைச்சல் ஓயவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எத்திராஜ் கைகளைக் கூப்பினார். "உங்களாலதான் மேடம் இன்னிக்குப் பொழச்சிகினேன்."

ஹில்டா மேசைக்குத் திரும்பினாள்.

போன வெள்ளிக்கிழமை, திரையில் ஒன்பதரை இருந்தும் ஆய்வாளருக்குக் கொடுக்கும் பிரிண்டில் மட்டும் பதினொன்று வருகிறதே என்று முதலாளி கத்தியபோது, ஐந்தரை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அவளே வைத்த நட்சத்திரம் அது.

முதலாளியின் செருப்புச் சத்தம் படியில் கேட்பதற்குள், இரண்டு குறிகளையும் அழித்துப் புரோகிராமைச் சேமித்தாள்.