முந்நூற்று எண்பத்தாறு

"முந்நூத்தி எம்பத்தாறு!" நர்ஸ் சத்தமாகவே படித்துவிட்டார். "இவ்ளோ சுகரை வெச்சுக்கினு கண் ஆபரேஷன் எப்படிம்மா? வேன்ல ஏத்த முடியாது."

மரக்காணம் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். வரிசையில் பாதிப் பேர் உப்பளத்து ஆட்கள், எல்லாம் தெரிந்த முகங்கள். சகாதேவனுக்கு மானம் கப்பலேறியது.

"காலையில ரெண்டு இட்லி சாப்ட்டேன், அவ்ளோதாங்க," என்றாள் அவர் மனைவி தையல்நாயகி. வலது கண் மூடிப்போய், இடது கண்ணும் மங்க ஆரம்பித்திருந்தது. இந்த வேனை விட்டால் அடுத்த முகாம் எப்போதோ.

"அப்ப இது இன்னாக்கா?" பின்னால் நின்ற பாஞ்சாலை தையல்நாயகியின் பையிலிருந்து எண்ணெய் ஊறிய பொட்டலத்தை உருவினாள். உள்ளே அரை ஜிலேபி. "கண்ணு வேணுமா, நாக்கு வேணுமா?" வரிசையே சிரித்தது.

தையல்நாயகி கணவர் பக்கம் திரும்பினாள். பொட்டலத்தை வாங்கியவர் அவர்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த சிரிப்பு தன்மேல் விழும் என்று தோன்றியதும் வாய் வரவில்லை.

நாம் பார்க்காத நேரத்தில் இவள் வாயில் போட்டுக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் மெஷின் பொய் சொல்லுமா? அந்தச் சந்தேகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஆறு மாசமா கட்டுப்பாடா இருந்துட்டு, இன்னைக்குப் போயி கெடுத்துக்கினியே! உன்னால தலை நிமிர முடியலடி!"

அவள் சுவரைத் தடவிக்கொண்டே குழாயடிக்குப் போனாள். சகாதேவனும் பின்னால் போனார். குழாயைத் திறந்துவிடக்கூட அவரால் முடியவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் உப்புப் புண், துணிக்கட்டு. காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதும் அவள்தான்.

அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. போன வாரச் சீட்டில் நூற்று நாற்பதுதான் இருந்தது. ஈரம் காயாத விரலைத் துடைத்து மறுபடி குத்தினார்.

நூற்று நாற்பத்தெட்டு.

"அட! முதல்ல பஞ்சால தொடச்சது பத்தல போல. வெரல்ல பாகு ஒட்டியிருந்தா மெஷினு அதையும் ரத்தத்தோட சேர்த்துத்தான் காட்டும்." பெயரை வேன் பட்டியலில் எழுதியபடியே கேட்டார்: "சாப்பிடலைன்னா ஜிலேபிய எதுக்கும்மா தொட்டீங்க?"

தையல்நாயகி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பாஞ்சாலை வேறு எங்கோ பார்த்தாள்.

சகாதேவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் வரிசை முழுக்கப் பார்க்கும்படி தூக்கினார்.

"துன்னது நான், சிஸ்டர். அது எனக்கு ஊட்டுன கை."