சுண்ணாம்பு உதிரும் வீடு

மறுபடியும் நின்றுவிட்டது.

திரை கறுத்தது. பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடிகள் ஒரு பெருமூச்சோடு அடங்கின. ஹெட்செட்டில் கூட்டாளிகளின் கூச்சல் பாதியில் அறுந்தது.

அவன் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தான்.

கூடத்தில் அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நிமிர்ந்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு சந்தேகம் வந்திருக்காது.

கேம் ஆடுவதற்கென்றே ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை ஒருமுறைகூட நின்றதில்லை. அவள் இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் இப்படி.

மெமரியை மாற்றினான். நின்றது. பவர் சப்ளையை மாற்றினான். நின்றது. விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினான். அப்போதும் நின்றது.

போன வாரம், அதைக் கட்டித் தந்த இர்ஃபானின் கடைக்கே தூக்கிக்கொண்டு போனான். இர்ஃபான் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு நாள் முழுக்க ஓடவிட்டான். சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது.

"மச்சான், மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. எங்கிட்ட வந்தா ஓடுது, ஒங்கிட்ட வந்தா படுத்துக்குது. தங்கச்சியக் கேட்டுப் பாரு. சக்களத்தின்னு நெனச்சுக் கை வச்சிருக்கப் போகுது."

இர்ஃபான் சிரித்தான். அவனும் சிரித்தான்.

வீடு வந்து சேர்வதற்குள் சிரிப்பு போய்விட்டது. சொல் மட்டும் தங்கிவிட்டது.

வந்த புதிதில் அவள் ஒருநாள் சொல்லியிருந்தாள். "அந்தத் துப்பாக்கிச் சத்தம் கேட்டா எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க." அன்று அது வெறும் பேச்சாக இருந்தது. இப்போது சாட்சியாக மாறிவிட்டது.

சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு எல்லாமே தீனிதான். அவள் அந்த அறையைப் பெருக்கினாலும் உறுத்தியது. பெருக்காமல் விட்டாலும் உறுத்தியது.

மறுநாள் காலை, பழைய போனை பீரோவின் மேல், சூட்கேசுக்கும் சுவருக்கும் நடுவில் சாய்த்து வைத்தான். அதன் கண் மட்டும் வெளியே தெரியும்படி. வீடியோவை ஓடவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

அவள் வாசல் வரை வந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினான்.

சாயங்காலம் தோசை சுட்டுப் போட்டாள்.

"இன்னொண்ணு?"

போதும் என்றான். எப்போதும்போல இன்னொன்று வைத்தாள்.

கை கழுவிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான்.

படம் மங்கலாக ஓடியது. காலியான அறை. அப்புறம் அவள். கையில் விளக்குமாறு.

பெருக்கினாள். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். மெஷினின் முன்னால் வந்து நின்றாள்.

ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்படியில் குக்கர் விசில் கேட்டது. விசிலுக்காகத் திரும்பினாள் என்று அவன் நம்பவில்லை.

இரண்டு கைகளாலும் மெஷினின் தலையிலிருந்த கம்பிவலை மூடியைத் தூக்கினாள்.

அவன் போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனான்.

வலைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே நீட்டி உதறினாள். வெள்ளைத்தூள் பறந்தது. உத்தரத்திலிருந்து எந்நேரமும் உதிரும் சுண்ணாம்பு.

கொடியிலிருந்து இன்னொரு துணியை உருவினாள். அதே கறுப்பு, அதே அளவு, நான்கு ஓரமும் மடித்துத் தைத்தது. மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்து அதன் மூலையில் விரலால் ஒரு பொட்டு வைத்தாள். புதுத்துணி உடுத்தும்முன் வைக்கிற மஞ்சள். ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன.

துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே வலையை வைத்து மூடினாள்.

மிக்ஸிக்கு உறை தைத்தவள். குடிதண்ணீர்ப் பானைக்கு வாய்த்துணி தைத்தவள். அவன் ஆசையாக வைத்திருக்கும் பொருளின்மேல் சுண்ணாம்பு கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா?

உள்ளே கொதிக்கும் சூடு வெளியேற அந்த மேல்வழி ஒன்றுதான். அதைத்தான் அவள் பத்திரமாக மூடி வைத்திருந்தாள். இர்ஃபான் கடையில் பக்கக் கதவு திறந்து கிடந்ததால் சூடு தங்கவில்லை.

தூரத்திலிருந்து ஒளிந்து பார்த்தால் நல்லது செய்கிற கையும் களவு செய்கிற கையும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

சிரிப்பு வந்தது. இப்போதே கீழே போய் அவளிடம் சொல்லிவிடவேண்டும்.

போனை அணைக்க விரலைக் கொண்டுபோனான்.

படத்தில் அவள் திரும்பினாள்.

நேராக அவனைப் பார்த்தாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். முகம் திரை முழுக்க நிறைந்தது. அசையாமல் நின்றது. அவளுடைய கண்களை இவ்வளவு அருகில், இவ்வளவு நேரம், அவன் பார்த்ததே இல்லை.

கை நீண்டது. இருட்டு.

பிறகு நீலம். அவளுடைய முந்தானையின் நீலம். மெதுவாக இரண்டு தடவை அசைந்தது.

அறை மறுபடி தெரிந்தது. அதே சாய்வு. அதே இடம். படம் மட்டும் முன்பைவிடத் துல்லியமாக இருந்தது.

லென்ஸில் படிந்திருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அவன் கீழே இறங்கி வந்தான். வலையைத் தூக்கித் துணியை எடுத்தான். மூலையில் மஞ்சள் உலர்ந்திருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மெஷினைப் போடத் தோன்றவில்லை.

அடுப்படி வாசலில் போய் நின்றான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.



அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அந்தப் பழைய போன்ல இன்னும் சார்ஜ் நிக்குதா?"

கழுவிய தட்டு ஒன்றைப் பின்பக்கமாக அவனை நோக்கி நீட்டினாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.